பழைய ஆய்விதழ்களும் இன்றைய ஆராய்ச்சியும்

திருஞானசம்பந்தர் கி.பி. ஏழாம் நூற்றாண்டினர் என்பது இன்று பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. இலக்கிய வரலாற்று நூல்கள் அதனை ஒரு தொடரிற் கூறி அப்பாற் செல்கின்றன. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் சம்பந்தரைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வைத்தார். சம்பந்தர் காலத்துக் கூன்பாண்டியனை, மார்க்கோ போலோ குறிப்பிடும் சுந்தர பாண்டியனோடு ஒருவராகக் கருதியதே அதற்குக் காரணம்.

இஃது ஆண்டுக் கணக்கில் நேர்ந்த பிழை மட்டுமன்று. சம்பந்தர் பதின்மூன்றாம் நூற்றாண்டினர் என்றால் அவர் சிந்தாமணிக்கும் கம்பனுக்கும் பிற்பட்டவர் ஆகிவிடுவார். தமிழ் விருத்தத்தின் வரலாறே தலைகீழாகும். பதிகங்களில் முளைத்து, காப்பியங்களில் விரிந்த யாப்பு, காப்பியங்களிலிருந்து பதிகங்களுக்கு இறங்கியதாகத் தோன்றும். அறுநூறு ஆண்டுப் பிழை ஒன்று இவ்வாறு நம் கவிதை மரபின் வளர்ச்சியையே மறைத்து நின்றது. அப்பிழை எங்கே, யாரால் களையப்பட்டது என்று வினவினால், அதற்குரிய விடையைப் பாடநூல்களிற் காண முடியாது. பழைய ஆய்விதழ்களின் பக்கங்களிலேதான் அது கிடக்கின்றது.

மனோன்மணீயம் ஆசிரியராக நாம் போற்றும் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை, சம்பந்தர் காலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு, சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் வெளிவந்தது. பின்னர் 1895இல் தனி நூலாயிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார் சம்பந்தரை விரிவாகப் பாடுகின்றார். அவருக்கு முற்பட்ட நம்பியாண்டார் நம்பியும் பாடுகின்றார். அவ்வாறிருக்கச் சம்பந்தர் பதின்மூன்றாம் நூற்றாண்டினர் ஆவது எங்ஙனம்? இத்தகைய சான்றுகளைப் படிப்படியாக அடுக்கிச் சென்ற சுந்தரம் பிள்ளை, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பின்னர்ச் சம்பந்தரை வைத்தல் இயலாது என்னும் எல்லையை வரையறுத்தார்.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில், கல்வெட்டறிஞர் வி. வெங்கையா, எபிகிராஃபியா இண்டிகா என்னும் கல்வெட்டு இதழின் மூன்றாம் தொகுதியில் ஒரு செய்தியை எடுத்துக் காட்டினார். சிறுத்தொண்டர் தம் அரசனுக்காக வாதாபியை அழித்த படையில் தலைமை ஏற்றவர் என்று பெரியபுராணம் கூறும். சம்பந்தர் திருச்செங்காட்டங்குடிப் பதிகத்தில் சிறுத்தொண்டரைப் பெயர் சொல்லிப் பாடியிருக்கின்றார். வாதாபியை வென்றவன் முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் என்பது கூரம் செப்பேட்டால் விளங்கும். அவ்வெற்றி 642ஆம் ஆண்டை ஒட்டியது. ஆகவே சம்பந்தர் அப்பல்லவன் காலத்தவர். இலக்கியம் காட்டிய எல்லையும் கல்வெட்டுக் காட்டிய ஆண்டும் ஒன்றையொன்று நெருங்கி வந்து தாங்கின.

இவ்வரலாற்றை இங்கு விரித்தமைக்குக் காரணம் உண்டு. நூல்கள் நமக்கு முடிவுகளைத் தருகின்றன; இதழ்களோ அம்முடிவுகள் பிறந்த வழியைத் தருகின்றன. வழி தெரிந்தவரே முடிவைச் சோதிக்க வல்லவர். சோதிக்க இயலாதவர், பிறர் சொன்னதைத் திரும்பச் சொல்பவராகவே நின்றுவிடுவார். இலக்கிய ஆராய்ச்சியில் ஈடுபட விழையும் நம் வட்டத்தினர் இதழ்களைத் தேடிப் படிக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேயே.

இதழ்கள் தோன்றிய வரலாறு

தமிழாராய்ச்சிக்கு இடமளித்த இதழ்களை மூன்று வகையாகக் காணலாம். முதல் வகை, ஆங்கிலத்தில் வெளிவந்த பொது ஆய்விதழ்கள். ஜேம்ஸ் பர்ஜெஸ் 1872இல் தொடங்கிய இந்தியன் ஆண்டிகுவரி இவற்றுள் தலையாயது. அதன் துணையாக 1888இல் தோன்றியதே மேலே கூறிய எபிகிராஃபியா இண்டிகா. ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழர் என்னும் பொருள்படும் பெயரோடு 1904இல் வெளிவந்த வி. கனகசபைப் பிள்ளையின் ஆங்கில நூலை அறியாதார் இலர். அந்நூலின் கட்டுரைகள் 1895 முதல் 1901 வரை மெட்ராஸ் ரிவியூ என்னும் இதழில் வெளிவந்தவை என்பதை அறிந்தவர் சிலரே. இச்செய்தி சிறிதன்று. அக்கட்டுரைகள் எழுதப்பட்ட நாளில் புறநானூறு அச்சேறிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பதிற்றுப்பத்து அச்சேறியது 1904இல். நற்றிணையும் குறுந்தொகையும் 1915இல். அச்சிற் கிடைத்த சிலவற்றையும் ஏட்டில் இருந்த பலவற்றையும் கொண்டு ஒருவர் தமிழர் வரலாற்றை எழுத முனைந்தார் என்பதை உணர்ந்து படிக்கும்போதுதான், அந்நூலின் பெருமையும் அதன் குறைகளும் ஒருங்கே விளங்கும்.

இரண்டாம் வகை, சங்கங்களும் தனி அறிஞர்களும் நடத்திய இதழ்கள். ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையின் சித்தாந்த தீபிகை 1897இல் தோன்றியது. மறைமலையடிகளின் ஞானசாகரம் 1902இல் தோன்றியது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம், அடுத்த ஆண்டின் இறுதியில் செந்தமிழ் என்னும் இதழை வெளியிடத் தொடங்கியது. பண்டித சவரிராயரின் முயற்சியால் 1907இல் தமிழியன் ஆண்டிகுவரி வெளிவந்தது. சுந்தரம் பிள்ளையின் சம்பந்தர் ஆய்வு, அவர் மறைவுக்குப் பின் இவ்விதழில் மறுபதிப்புப் பெற்றது. கழகத்தின் செந்தமிழ்ச் செல்வி 1923இலும், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தமிழ்ப்பொழில் 1925இலும் தோன்றின. இவையெல்லாம் அரசின் உதவியாலோ பல்கலைக்கழகத்தின் பொருளாலோ நடந்தவை அல்ல. உறுப்பினர் கட்டணமும் புரவலர் கொடையும் ஆசிரியரின் உழைப்புமே இவற்றைத் தாங்கின. நம்மைப்போன்ற ஒரு வட்டத்தார்தாம் இவற்றை நடத்தினர் என்று சொன்னால் மிகையாகாது.

மூன்றாம் வகை, பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் வளர்ந்த பின்னர்த் தோன்றியவை. சேவியர் தனிநாயகம் அடிகளார் 1952இல் தொடங்கிய தமிழ் கல்ச்சர், தமிழை உலக அறிஞர் அவைக்குக் கொண்டு சென்றது. 1964இல் தில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவானதும், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடியதும், 1969இல் தமிழாராய்ச்சிக்கென ஓர் ஆங்கில ஆய்விதழ் பிறந்ததும் அவ்விதழ் அமைத்த பாதையில் நிகழ்ந்தவையே. அதே 1969இல் பாளையங்கோட்டையிலிருந்து பேராசிரியர் நா. வானமாமலை ஆராய்ச்சி என்னும் காலாண்டிதழைத் தொடங்கி, நாட்டார் வழக்காற்றுக்கும் சமூக வரலாற்றுக்கும் தமிழிலேயே இடமளித்தார்.

தேடும் வழிகள்

இவ்விதழ்களை எங்கே தேடுவது? சென்னையில் கன்னிமாரா நூலகம், 1943இல் நிறுவப்பெற்ற உ. வே. சாமிநாதையர் நூல்நிலையம், மறைமலையடிகளின் நூற்றொகுதியைக் கருவாகக் கொண்டு 1958இல் திறக்கப்பெற்ற மறைமலையடிகள் நூலகம் ஆகியவை முதலில் நாடத்தக்கவை. கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் தனி மனிதர் தம் வாழ்நாளெல்லாம் திரட்டிய செல்வம், அவர் 1992இல் மறைந்தபின் சிதறிப் போகாமல் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பெற்று, 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக விளங்குகின்றது. பிறர் பழைய தாள் என்று எடைக்குப் போட்ட இதழ்களை அவர் நூலென மதித்துச் சேர்த்தார். இன்று பலர் பட்டம் பெறும் ஆய்வுகளுக்கு அவையே ஆதாரம். ஈழத்து இதழ்களைத் தேடுவோர்க்கு 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் துணைபுரியும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் 2017 முதல் பல பழைய இதழ்களைப் பக்கப் படங்களாக வழங்கிவருகின்றது.

இதழ் எது என்று தெரியாதவர்க்கு வேறு வழி வேண்டும். மயிலை சீனி. வேங்கடசாமி 1962இல் வெளியிட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் இலக்கியம் என்னும் நூல், அந்நூற்றாண்டு இதழ்களைப் பற்றிய செய்திகளைத் தொகுத்துத் தருகின்றது. கமில் சுவெலபில் 1995இல் வெளியிட்ட தமிழ் இலக்கிய அகரமுதலி, ஒவ்வொரு தலைப்பின் கீழும் பழைய கட்டுரைகளைச் சுட்டிச் செல்கின்றது. 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் அச்சான வெளியீடுகளின் பட்டியல், காலாண்டுதோறும் அரசிதழின் இணைப்பாக வெளிவந்தது. அப்பட்டியல்களைப் பொறுமையோடு புரட்டுவோர், பெயர் மறந்துபோன இதழ்கள் பலவற்றை அங்கே காண்பர். இவை எல்லாவற்றிலும் எளிய வழி மற்றொன்று உண்டு. நல்ல கட்டுரை ஒன்று கிடைத்தால், அதன் அடிக்குறிப்புகளைப் பின்தொடர்ந்து செல்லுதல் வேண்டும். ஓர் அடிக்குறிப்பு இன்னொரு கட்டுரையைக் காட்டும். அது மற்றொன்றைக் காட்டும். ஆற்றின் ஊற்றுக்கண்ணைத் தேடிக் கரைவழியே மேலேறுவது போன்றது அது.

பயன்படுத்தும் முறை

கிடைத்த இதழைப் பயன்படுத்துவதிலும் சில நுட்பங்கள் உள்ளன. முதலாவது, காலக் குறிப்பு. பழைய இதழ்கள் பலவும் பிரபவ முதலிய அறுபதாண்டுப் பெயர்களையும் தமிழ்த் திங்களையும் தாங்கி வந்தன. தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குவதால், அதன் மார்கழிப் பிற்பகுதி முதல் பங்குனி வரையுள்ள பகுதி அடுத்த ஆங்கில ஆண்டிற் சென்று விழும். சுபகிருது ஆண்டு கார்த்திகை என்றால் 1902. அதே ஆண்டு மாசி என்றால் 1903. செந்தமிழின் தொடக்க ஆண்டை 1902 என்று சிலரும் 1903 என்று சிலரும் எழுதக் காண்கின்றோம். முதல் தொகுதி அவ்விரண்டு ஆண்டுகளிலும் பரவி நிற்பதை நினைவிற் கொண்டால் மயக்கம் தீரும். மேலும், அதே சுபகிருது 1962லும் 2022லும் மீண்டும் வந்தது. ஆண்டுப் பெயரை மட்டும் குறித்துவைக்கும் ஆய்வாளர் பின்வருவோரைத் திகைக்க வைப்பார்.

இரண்டாவது, தொகுதிக் குறிப்பு. செந்தமிழ் தன் பிரிவுகளைத் தொகுதி, பகுதி என்று வழங்கியது. செந்தமிழ்ச் செல்வியோ சிலம்பு என்றும் பரல் என்றும் வழங்கியது. தமிழ்ப்பொழிலில் அவை துணரும் மலரும் ஆயின. சிலம்புக்குள் பரல், துணருக்குள் மலர் என்று பெயரிட்ட அவ்வாசிரியர்களின் தமிழ் நெஞ்சம் நம்மை மகிழ்விக்கின்றது. ஆயினும் இவ்வழக்கை அறியாதவர், சிலம்பு என்றதும் சிலப்பதிகாரம் என்று மயங்குதலும் கூடும். இதழின் சொல்லை அவ்வாறே எழுதி, அருகில் ஆங்கில ஆண்டையும் பக்க எண்ணையும் தருதலே நன்முறை.

மூன்றாவது, ஆசிரியர் பெயர். செந்தமிழுக்கு முதலில் ஆசிரியராக இருந்தவர் ரா. இராகவையங்கார், அவருக்குப்பின் அப்பொறுப்பை ஏற்றவர் மு. இராகவையங்கார். இருவரும் பெரும்புலவர், இருவரும் அதே இதழில் எழுதியவர். முதலெழுத்தை விட்டுவிட்டு இராகவையங்கார், செந்தமிழ் என்று மட்டும் குறித்தால், ஒருவர் உழைப்பு மற்றவர் கணக்கிற் சேர்ந்துவிடும். ஓர் எழுத்தின் குறைவால் ஒரு புலவரின் புகழ் இடம்மாறுவது வழக்கு மன்றத்தில் குற்றம் ஆகாது. ஆராய்ச்சி மன்றத்தில் ஆகும்.

நான்காவது, கட்டடம் செய்த தொகுதிகளைப் பற்றியது. நூலகங்களில் ஓராண்டு இதழ்களைச் சேர்த்துக் கட்டும்போது மேலட்டைகளை நீக்கிவிடுவது வழக்கமாக இருந்தது. மதிப்புரைகள், நூல் விளம்பரங்கள், நன்கொடையாளர் பெயர்கள், சென்ற இதழின் பிழைத்திருத்தங்கள் பல அவ்வட்டைகளில்தான் அச்சாகியிருந்தன. பழைய நூல்களைப் பகுதி பகுதியாக இதழோடு இணைத்து வெளியிட்ட காலத்தில், அப்பகுதிகளுக்குத் தனிப் பக்க எண் கொடுத்து, பிறகு பிரித்து வேறாகக் கட்டியதும் உண்டு. எனவே ஒரு நூலகத்துப் படியில் இல்லை என்பதனால் அவ்விதழில் வெளிவரவே இல்லை என்று துணிதல் கூடாது.

ஐந்தாவது, மின்வழித் தேடல். பழைய இதழ்களில் ணை, லை, னை போன்ற எழுத்துகள் 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவில் இருக்கும். சொற்கள் புணர்ந்தே நிற்கும். கணினி அவற்றைப் படிப்பதில் தடுமாறும். சொல்லைத் தட்டிப் பார்த்து விடை வரவில்லை என்றால் ஆங்கே செய்தி இல்லை என்பது பொருளன்று. பொருளடக்கத்தைக் கண்ணால் படிக்கும் பழைய வழக்கத்துக்கு ஈடு இன்னும் ஏற்படவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கட்டுரையைக் கண்டதும் அத்துடன் நிற்றல் கூடாது. அடுத்தடுத்த இதழ்களில் அதற்கு மறுப்பு வந்துள்ளதா, ஆசிரியர் தம் கருத்தை மாற்றிக்கொண்டாரா என்று பார்த்தல் வேண்டும். பின்னாளில் கட்டுரைகள் நூலாகத் தொகுக்கப்படும்போது மறுப்புகள் விடுபடுகின்றன. முதலில் வெளிவந்த ஆண்டும் பலமுறை விடுபடுகின்றது. நாற்பதாண்டு இடைவெளியில் எழுதப்பட்ட இரு கட்டுரைகள் ஒரே நூலில் அடுத்தடுத்து நிற்க, ஆசிரியர் தமக்குத்தாமே முரண்படுவதாகப் படிப்பவர் எண்ணுகின்றார். உண்மையில் அவர் வளர்ந்திருக்கின்றார். அவ்வளர்ச்சிக்குச் சாட்சி இதழ் ஒன்றே.

கவிஞர்க்கு இதனால் என்ன பயன்?

நம் வட்டத்தில் கவிஞர் மிகுதி. அடிக்குறிப்பும் தொகுதி எண்ணும் ஆய்வாளர்க்கு ஆகும், எமக்கு எதற்கு என்று அவர்கள் கேட்பது இயல்பே. முத்தொள்ளாயிரத்தை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகின்றேன். அந்நூல் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு என்னும் தொகைநூலில் எடுத்தாளப்பட்டதனால் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட வெண்பாக்கள் பிழைத்தன. அவற்றைத் தனியே பிரித்து 1905இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக அச்சேற்றியவர் ரா. இராகவையங்கார். பின்னாளில் ரசிகமணி டி. கே. சி. அவ்வெண்பாக்களைச் சுவைத்துச் சுவைத்து உரைத்ததனால் தமிழ்நாடு முழுவதும் அவை பரவின. சேர சோழ பாண்டியரைக் காதலித்த அந்தப் பெண்களின் குரல் இன்று நம் கவிஞர்களின் நாவில் ஒலிக்கின்றதென்றால், அதற்கு முன் ஒரு புலவர் ஏட்டின் முன் அமர்ந்து எண்ணிப் பிரித்தெடுத்த உழைப்பு இருக்கின்றது. ஆராய்ச்சி வேறு, சுவை வேறு என்று பிரிப்பவர் இவ்வரலாற்றை எண்ணிப் பார்க்கவேண்டும்.

இழப்பும் கடமையும்

இதழின் தாள் நூலின் தாளினும் மலிவானது. புளிப்பேறிப் பழுத்து, தொட்டால் உதிர்கின்றது. காலத்தின் கை மட்டுமன்றிப் பகையின் கையும் அதன்மேல் விழுந்திருக்கின்றது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஓலைச்சுவடிகளும் பழைய இதழ்களும் அவற்றுடன் மறைந்தன. வேறெங்கும் படி இல்லாத இதழ் ஒன்று எரியும்போது, அதில் எழுதியவர் இரண்டாம் முறை இறக்கின்றார்.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்திற்கு இவ்வேளையில் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். ஒன்று: உறுப்பினர் ஒவ்வொருவரும் பழைய இதழ் ஒன்றின் ஒரு தொகுதியை எடுத்துக்கொண்டு, கட்டுரைத் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பக்கம் ஆகியவற்றை எழுதிப் பொருளடைவு ஒன்றை ஆக்குக. இருபதின்மர் சேர்ந்தால் இருபதாண்டு இதழ்களுக்கு வழிகாட்டி கிடைக்கும். இரண்டு: வீடுகளில் பரண்மேல் கிடக்கும் இதழ்களை எடைக்குப் போடுமுன், நூலகம் ஒன்றிற்கு எழுதிக் கேட்டுவிடுக. மூன்று: இம்மலரின் படிகளை நாமே நூலகங்களிற் சேர்ப்போம். 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி கன்னிமாரா நூலகத்திற்கும் கல்கத்தாவிலுள்ள தேசிய நூலகம் முதலியவற்றிற்கும் வெளியீட்டின் படி சென்றாக வேண்டும். சிறு அமைப்புகள் பெரும்பாலும் இதனை மறந்துவிடுகின்றன. மறப்பதனால், விழா மேடையில் வழங்கிய மலர் விழாவுக்கு வந்தவர் வீட்டோடு முடிந்துபோகின்றது.

மலரின் முதற்பக்கத்தில் ஆண்டையும் திங்களையும் ஊரையும் தெளிவாக அச்சிடுவோம். கட்டுரையாளர் பெயரை முதலெழுத்தோடு அச்சிடுவோம். சுந்தரம் பிள்ளையும் வெங்கையாவும் எழுதியபோது, தம் பக்கங்களை நூறாண்டு கழித்து யாரேனும் தேடி வருவர் என்று எண்ணியிருப்பாரோ இல்லையோ, தேடி வந்தவர்க்கு வேண்டிய சான்றுகளை ஒழுங்காக வைத்துவிட்டுச் சென்றனர். நம்மைத் தேடி வருவோர்க்கும் நாம் அவ்வாறே வைத்துச் செல்வோமாக.